முளைப்பாரியைத் தூக்காத பவுனம்மாள்

எங்கள் எட்டாங்கட்டைத் தோட்டத்தில் கள்ளுக்கடை எங்கே இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பவுனம்மாள் செய்தது பாதிதான் விளங்கும். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் எட்டாவது கட்டையில், அதாவது எட்டாவது மைலில், இறங்கி, ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே உள்ளே நடந்தால் தோட்டத்து ஆபீஸ். சம்பளம் அந்த ஆபீஸ் ஜன்னலில்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரே கள்ளுக்கடை. நின்ற இடத்திலிருந்து வெற்றிலை எச்சிலைத் துப்பினால் கடை வாசலில் விழும். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். அந்த இடம்தான் வேண்டுமென்று தேடிப் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள், ஐயா.

இன்னொன்றும் உண்டு. பொண்டாட்டி சம்பளத்தையும் புருஷன் கையில்தான் கொடுப்பார்கள். விடியுமுன் எழுந்து பாலுக்கு மரம் வெட்டியது நாங்கள், வாளி சுமந்தது நாங்கள். காசு மட்டும் அவர்கள் மடிக்குப் போய் அப்படியே கள்ளுக்கடைக்காரன் பெட்டிக்குப் போய்விடும். நான் பதினாறு வயதில் அந்தத் தோட்டத்துக்கு வந்தவள். என் சம்பளத்தை நான் கையால் தொட்டுப் பார்க்கப் பல வருஷம் ஆயிற்று.

கள்ளில் சர்க்காருக்கு வரி உண்டு, லைசென்ஸ் கட்டணம் உண்டு. மிச்ச லாபம் தோட்டத்துக்கு. அந்த லாபத்தைக் கூலி ஜனங்களின் நன்மைக்குத்தான் செலவழிக்கிறோம் என்று வெள்ளைக்காரத் துரை சொல்வார். பொய் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓலைக் கூரை, வாத்தியார் சம்பளம், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால், மாரியம்மன் திருவிழாவுக்கு மேளம், எல்லாம் கள்ளுப் பணம்தான். அப்பன் குடித்தால் பிள்ளைக்குச் சிலேட்டுப் பலகை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அங்கேதான்.

ஒரு தடவை குடியைக் குறைக்கிறோம் என்று சர்க்கார் வரியை ஏற்றியது. கள் ஊற்றித் தரும் மங்குக்கு விலை கூடியதும் ஆண்கள் காட்டுக்குள்ளே திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சம்சுவுக்கு ஓடினார்கள். ஒருவனுக்குக் கண் போயிற்று. உடனே கோலாலம்பூரிலிருந்து கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்களையெல்லாம் நிற்க வைத்து, கள் உடம்புக்குக் குளிர்ச்சி, சத்து, சம்சுதான் விஷம் என்று பேசிவிட்டுப் போனார். விலையைப் பழையபடி இறக்கினார்கள். கடையை மாலையில் இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தார்கள். அவர் யார் வீட்டு உப்பைத் தின்று அப்படிப் பேசினாரோ, எனக்குத் தெரியாது. அவர் ஒரு மங்குகூடக் குடிக்கவில்லை, அது தெரியும்.

இனி பவுனம்மாள். என் அடுத்த வீடு. லயத்தில் அடுத்த வீடு என்றால் நடுவே ஒரு பலகைதான். அவள் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். கட்டையான உருவம், கணீர்க் குரல், எவரையும் கேலி பண்ணாமல் விடமாட்டாள். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுத் தடுமாறி வந்தால், "தனம், ஒன் மாப்பிள்ள ஊர்வலம் வருது, ஆரத்தி எடுத்து வை" என்பாள். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். மரம் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டையில் கத்தி படுவது தெரியாது, பால் மட்டும் வழியும்.

அவள் புருஷன் நாகையா, தண்ணீர் வடிகிற கான் வெட்டும் ஆள். குடிக்காத நேரத்தில் தங்கக் கட்டி. அவர் மகளோடு லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் முதுகில்தான் ஏறிக் கிடக்கும். குடித்தால் அடிக்கமாட்டார், திட்டமாட்டார், ஓரமாக உட்கார்ந்து அழுவார். அடிக்கிற புருஷனையாவது நாலு வார்த்தை கேட்கலாம், அழுகிறவனை என்ன செய்வது என்று பவுனம்மாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அவரை அவ்வளவு விரும்பினாள். எங்கள் லயத்தில் அது அதிசயம்தான்.

பெரிய வெள்ளம் வந்ததற்கு முந்தின வருஷம், நாகையாவுக்கு வயிறு உப்பிக் கண் மஞ்சளாயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், அவரைப் படுக்கப் போட்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"பிள்ளை, வடிவாக் கேள்" என்றார் பவுனம்மாளிடம். "இவரின்ரை ஈரல் கல்லுப் போலக் கிடக்கு. வயித்தில தண்ணி கட்டத் தொடங்கீட்டுது. இனி இவர் குடிச்சாரெண்டால் என்னட்டக் கொண்டு வராதை. நேரே சுடலைக்குக் கொண்டு போ."

"குடிக்காம இருந்தா, ஐயா?"

"இருந்தால் கன காலம் இருப்பார். என்னட்ட வேற மருந்து இல்லை."

வெளியே வந்து அந்தப் படியில் உட்கார்ந்து பவுனம்மாள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஆபீஸ் வாசல்ல கடைய வச்சிக்கிட்டு இந்த மனுசன எப்படிடி காப்பாத்துவேன்?" என்றாள்.

நாகையா தேறி வந்த நேரம் மாரியம்மன் திருவிழா. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயம் முழுக்கக் கட்டுப்பாடு. ஆண்கள் கையில் மஞ்சள் துண்டு வைத்த கயிற்றைப் பூசாரி பக்கிரிசாமி கட்டிவிடுவார். கவிச்சி கிடையாது, குடி கிடையாது, பெண்டாட்டி பக்கத்தில் படுக்கை கிடையாது. மொடாக்குடியன்கூடக் காப்புக் கையோடு கள்ளைத் தொடமாட்டான். தொட்டால் அம்மை போடும் என்ற பயம். சம்சு குடித்து ஒருவனுக்குக் கண் போனதுகூட அம்மன் கோபம்தான் என்று நம்பினோம்.

ஆனால் காப்பு அவிழ்க்கிற நாள் இருக்கிறதே! விட்டதற்கெல்லாம் சேர்த்துக் குடிப்பார்கள். அன்றைக்கென்று கடையில் இரண்டு பங்கு பீப்பாய் வந்து இறங்கும். பெரிய கங்காணி தம்புசாமிதான் கோயில் தலைவர். கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுக்கிறவன் அவர் மைத்துனன். அம்மனுக்கு மாலை போடுவதும் அவரே, மாலை வாடுமுன் பீப்பாய்க்குச் சொல்லி அனுப்புவதும் அவரே. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நாகையாவும் காப்புக் கட்டிக்கொண்டார். திருவிழா நாட்களில் அவர் முகத்தில் தெளிச்சி வந்தது, ஒரு பிடி சோறு கூடுதலாகத் தின்றார். பவுனம்மாள் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீமிதி முடிந்தது. மறுநாள் முளைப்பாரியை ஆற்றில் விட்டுவிட்டுக் காப்பு அவிழ்க்க வேண்டும்.

முளைப்பாரி எங்கள் காரியம். மண்சட்டியில் நவதானியம் விதைத்து, இருட்டில் வைத்து, குளித்து முழுகித் தண்ணீர் தெளித்து வளர்ப்போம். ஆண் நிழல் அதன்மேல் விழக்கூடாது. அதைத் தலையில் தூக்கிப்போய்ப் பெண்கள் ஆற்றில் கரைத்தால்தான் அம்மன் மலை ஏறினாள் என்று அர்த்தம். கரைக்காமல் ஒருவர் காப்பும் அவிழக்கூடாது. இது பிறந்த ஊரிலிருந்து எல்லோரும் கூடவே கொண்டுவந்த வழக்கம். துரைக்கும் கங்காணிக்கும் அதில் அதிகாரம் கிடையாது.

அன்று காலை தண்ணீர்க் குழாயடியில் பவுனம்மாள் பெண்களைக் கூட்டினாள்.

"இன்னைக்கு நாம முளைப்பாரியத் தூக்கல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி பேசுற? சாமி குத்தம் ஆயிடாதா?"

"சாமிய இருத்தி வைக்கிறது எப்படிடி குத்தமாகும்? போறவளப் பிடிச்சு வச்சா கோபப்படுவா. நாம, இரு தாயே, ஒரு வேலை இருக்குன்னு சொல்றோம்."

மேளம் வந்தது. ஆண்கள் குளித்துத் திருநீறு பூசி வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் கண் அம்மன் மேல், மீதிப் பேர் கண் கடை மேல். நாங்கள் வெறுங்கையோடு போய் நின்றோம்.

"எங்கம்மா சட்டியெல்லாம்?" என்று கேட்டார் பூசாரி.

பவுனம்மாள் அருள் வந்தது போல ஆடியிருக்கலாம். ஆடியிருந்தால் அத்தனை பேரும் காலில் விழுந்திருப்பார்கள். அவள் அந்தப் பித்தலாட்டம் செய்யவில்லை, அதனால்தான் எனக்கு அவள் மேல் இத்தனை மரியாதை. சும்மா நின்று, சந்தையில் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"சம்பளத்தன்னைக்குக் கடைய அடைக்கணும். ஆபீஸ் வாசல்ல இருந்து கடைய எடுக்கணும். பொம்பளைங்க சம்பளம் பொம்பளைங்க கையில வரணும். வந்தா தூக்குறோம்."

தம்புசாமி சிரித்தார். "இத அம்மன் சொல்லுச்சா?"

"நான் சொல்றேன், கங்காணி. அம்மன் கேட்டுக்கிட்டுத்தான இருக்கா."

தம்புசாமி பூசாரியைப் பார்த்தார். "பக்கிரி, நீ அவிழ்த்து விடு. சட்டி கிடக்குது கழுத."

பூசாரி பக்கிரிசாமி பயந்த சுபாவம். கங்காணிக்கு முன்னால் வாயே திறக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் தலையை ஆட்டினார். "எம் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும், கங்காணி. வேற ஆளு பாருங்க."

வேறு ஆள் எங்கே? ஆண்கள் சட்டியைத் தொடமாட்டார்கள். வெளியூர்ப் பூசாரியும் கரைக்காத முளைப்பாரிக்கு வரமாட்டார். கடையில் வந்து இறங்கிய பீப்பாய்கள் அப்படியே நின்றன. கள் என்ன, அரிசியா, மூட்டை கட்டி வைக்க? இரண்டு நாளில் புளித்து நாறி, மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு கானில் கொட்டினான். ஈக்களுக்குத்தான் திருவிழா.

ஆண்கள் எங்களை ஏசினார்கள். என் வீட்டுக்காரர் கோயில் கொட்டகையில்தான் படுக்கை, அங்கிருந்து, "இந்த வருசம் பூரா சாமியாராத்தான் இருக்கணுமாடி?" என்று ஆள்விட்டுக் கேட்டார். இருக்கட்டும், காஷாயம் துவைத்துத் தருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.

தம்புசாமி துரையிடம் போனார். துரை நேரே வந்து கத்தவில்லை. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லி அனுப்பினார்: கள் விற்காவிட்டால் கள்ளு லாப நிதியில் பணம் இல்லை; பணம் இல்லாவிட்டால் வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை, ஆயாக் கொட்டகையில் பால் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடக் கதவில் பூட்டுத் தொங்கியது.

இதில்தான் நாங்கள் ஆடிப்போனோம். குடிகாரப் புருஷனைப் பகைத்துக்கொள்ளலாம், பிள்ளையின் படிப்பை எப்படிப் பகைப்பது? சில பெண்கள் தலையில் துணிச் சும்மாடு சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள், சட்டியைத் தூக்க. பவுனம்மாள் ஓடிப்போய் வாசலில் நின்றாள்.

"தூக்குங்க. யார் கையயும் நான் பிடிக்கல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். எம் புருசன் ஈரல்லதான் ஒங்க பிள்ளைங்க படிக்கணுமா? நாளைக்கு ஒங்க புருசன் ஈரல்ல எம் பிள்ள படிக்கணுமா? அப்படிப் படிச்சு அது என்னத்தக் கிழிக்கும்?"

பிறகு ஒருத்தி சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலை வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்தோம். வாத்தியார் நல்ல மனிதர், எங்கள் அரிசியை வாங்கிக்கொண்டு கோயில் மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்.

முளைப்பாரிதான் பெரிய பாடு. பயிர் நெட்டையாக வளர்ந்து தலை சாய்ந்தது. வாடிவிட்டால் ஊருக்கு ஆகாது. அதற்காகத்தான் தம்புசாமி காத்திருந்தார். பவுனம்மாள் வெட்டு முடிந்து வந்து குளித்து, ஈரச் சேலையோடு ஒவ்வொரு சட்டியாகத் தண்ணீர் தெளித்து, சாய்ந்ததை வாழைநாரால் சேர்த்துக் கட்டினாள். தன் பிள்ளைக்கு ஜடை பின்னுவது போல இருக்கும் பார்த்தால்.

சம்பள நாள் வந்தது. எல்லோர் கையிலும் காப்பு. சம்பளத்தை வாங்கித் திரும்பிய ஆண்கள் கடையைப் பார்த்தார்கள், மணிக்கட்டைப் பார்த்தார்கள், வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் என் கையில் முழுச் சம்பளத்தையும் வைத்துவிட்டு, தொலைத்ததைத் தேடுகிறவர் மாதிரி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம், சந்தோஷத்தில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே மறுநாள் பெரட்டு. வழக்கமாகச் சம்பளத்துக்கு மறுநாள் பாதி ஆள் வராது, வந்ததிலும் பாதி கண் திறக்காது. அன்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மத்தியானத்துக்குள் ரப்பர்ப் பால் வாளிகள் நிறைந்து, ஸ்டோரில் ஊற்ற இடம் போதவில்லை. ரப்பருக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். துரைக்கு மாரியம்மன் மேல் திடீர்ப் பக்தி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கள்ளில் வருவதைவிடப் பாலில் வருவது அதிகம் என்று அவருக்குப் புரிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கிராணி வந்து சொன்னார். சம்பள நாளும் மறுநாளும் கடை மூடல். கடை தோட்டத்தின் கோடியில், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் போகும். பெண்கள் சம்பளம் பெண்கள் கையில். பள்ளிக்கூடப் பூட்டும் திறந்தது. கடையை அடியோடு எடுக்க முடியாது, அது சர்க்கார் லைசென்ஸ் என்றார்.

பெண்கள் குலவை போட்டோம். பவுனம்மாள் மட்டும் போடவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. சட்டிகளைத் தூக்கினால் எல்லோர் காப்போடும் நாகையாவின் காப்பும் அவிழ்ந்துவிடும். கடை தூரத்துக்குப் போகிறது, மூடுகிற நாளும் உண்டு. ஆனாலும் கடை இருக்கிறது. டிரெசர் சொன்னது மாறவில்லை.

தம்புசாமிக்கும் அது தெரிந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தூக்கமாட்டா பாருங்க. ஊரு நன்மைன்னு பேசினா. எல்லாம் அவ புருசனுக்குத்தான். இப்ப கை வருமா?"

நான் பவுனம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் நாலு நாளு இருக்கட்டும்டி. நாங்க யாரும் கேக்கமாட்டோம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல, தனம்" என்றாள். பிறகு தம்புசாமி பக்கம் திரும்பினாள். "ஆமா கங்காணி, எம் புருசனுக்குத்தான். வேற யாருக்குச் செய்யச் சொல்றீங்க?"

சொல்லிவிட்டு முதல் சட்டியை அவள்தான் தூக்கித் தலையில் வைத்தாள். பிறகு நாங்கள். ஆற்றங்கரை வரை அவள்தான் முன்னால் நடந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சட்டியை விட்டாள், பயிர் சுழன்று போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் திரும்பி வந்தபோது பூசாரி காப்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாகையா கையை நீட்டினார். கயிறு விழுந்தது. ஆண்கள் கூட்டமாகக் கடைப் பக்கம் நடந்தார்கள், கடை அதுவரை இடம் மாறவில்லை. கூட்டத்தில் நாகையாவும் போனார்.

பவுனம்மாள் பின்னால் போகவில்லை, கூப்பிடவில்லை. நான்தான், "ஓடுடி, பிடிச்சு இழுத்துட்டு வா" என்று கத்தினேன்.

"எத்தன நாளைக்கு இழுப்பேன்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள்ளே போனாள்.

நான் என் வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் அவளும் பற்ற வைப்பது கேட்டது. அரிசி களைகிற சத்தம், விறகு ஒடிக்கிற சத்தம். அழுகைச் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வரவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடைப் பக்கமிருந்து ஆண்கள் பாடுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்தப் பாட்டை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

பிறகு அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது.

நாகையா பேசினார். நாக்குக் குழறவில்லை.

"போனேன், பவுனு. வாசல் வரைக்கும் போனேன். மங்கு நீட்டினான் கடைக்காரன். வாங்கக் கையும் போச்சு."

விறகை அடுப்புக்குள் தள்ளுகிற சத்தம் வந்தது.

"இன்னைக்குக் குடிக்கல. நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லமாட்டேன்."

பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு நான் கேட்டேனா?" என்றாள் பவுனம்மாள். "ஒக்காருங்க. சோறு ஆறுது."